உணவுக்குழாய் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாடு: சுங்கை சிப்புட் வட்டார அனுபவப் பகிர்வு

வார்டு மிஸ்ஸி (நர்ஸ்):
ஈப்போவில் ஆபரேஷன் முடிந்து தோட்டத்து லயத்துக்குத் திரும்பியவர் வீட்டில் காதில் விழும் முதல் பேச்சு, "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுங்கப்பா" என்பதுதான். பாசத்தில் சொல்வதுதான், ஆனாலும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

உணவுக்குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குறுகலான குழாயாகத் தைத்து நெஞ்சுக்குள் ஏற்றி, மேலே மிஞ்சிய துண்டோடு இணைக்கிறார்கள். பழைய இரைப்பை விரிந்து இடம் கொடுத்தது போல இது கொடுக்காது. அதை இயக்கும் வேகஸ் நரம்பும் அறுபட்டுவிடுவதால், சாப்பிட்டது கீழே இறங்க நேரமாகும். மேலே ஏறாமல் தடுத்த வால்வும் இல்லை. சாப்பிட்டதும் சாய்ந்தால் புளிப்புத் தண்ணி தொண்டைக்கு வரும், நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா.

ஆகவே மூணு வேளையை மறந்துவிடுங்கள், ஆறிலிருந்து எட்டு வேளை. நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வாயை முழுசாக மென்று விழுங்கிய பிறகே அடுத்த வாய். படுப்பதற்கு 2, 3 மணி நேரம் முன்பே கடைசிச் சாப்பாடு. ரெண்டு தலையணை வைத்தால் வயிறு மடங்குமே தவிர நெஞ்சு உயராது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கட்டை கொடுங்கள்.

மருமகள், தோட்டத்து வீடு:
அக்கா, ஏழு நாள் வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். டாக்டர் ரெண்டாம் நாளே தண்ணி கொடுக்கச் சொன்னார். எது சரி?

உணவாலோசகர்:
டாக்டர் சொன்னதுதான், தங்கச்சி. தையல் போட்ட இடம் கசியும் என்ற பயத்தில் முன்பு 5 முதல் 7 நாள் வரை வாயை மூடி வைத்தார்கள். சிறுதுளை ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சீக்கிரம் கொடுத்ததால் கசிவு கூடவில்லை என்று 2018இல் சீனாவிலும் 2020இல் நெதர்லாந்திலும் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் எல்லாருடைய தையலும் ஒன்றல்ல. குரல் நரம்பு தளர்ந்து குரல் கம்மியவருக்குத் தண்ணிதான் முதலில் புரையேறும். அவருக்கு விழுங்கும் பரிசோதனை முடியாமல் ஒரு மடக்குகூட வேண்டாம்.

காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்கல், புதிதாக நெஞ்சுவலி, கழுத்துக் காயத்தில் எச்சிலோ சீழோ வருவது: இவற்றில் ஒன்று வந்தாலும் வாயால் கொடுப்பதை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, நம் வீடுகளில் அதிகம் நடப்பது. உடம்பு தேறட்டும் என்று கெட்டிப்பால் ஊற்றிய மைலோவை ஒரு கிளாஸ் நிறையக் கொடுக்கிறோம். அவ்வளவு சீனியும் ஒரே மூச்சில் சிறுகுடலில் இறங்கும். 10 முதல் 30 நிமிடத்தில் வயிற்று இழுப்பு, வியர்வை, பேதி. சிலருக்கு 1 முதல் 3 மணி நேரம் கழித்து ரத்தத்தில் சீனி அளவு குறைந்து கை நடுங்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மாத்திரையை நிறுத்துவது தப்பு. இனிப்பைக் குறையுங்கள். சாப்பாட்டோடு தண்ணி, தேத்தண்ணி வேண்டாம், அரை மணி இடைவெளி விடுங்கள். நீரிழிவு உள்ளவருக்கு இன்சுலின் அளவைப் பழையபடியே போடாமல் கிளினிக்கில் கேட்டு மாற்றுங்கள்.

குழைந்த கஞ்சியில் முள் எடுத்த மீன், நன்றாக வெந்த முட்டை, தவ்ஃபூ, பருப்பு மசித்துச் சேர்க்கலாம். வெறும் கஞ்சித் தண்ணி வயிற்றை நிரப்புமே தவிர எடையைத் தாங்காது. சாம்பாரில் ஊறிய இட்லி நல்லது. புது ரொட்டி, ரொட்டி சானாய், புளூட் அரிசி (ஒட்டும் அரிசி), கங்கோங் கீரைத் தண்டு இவை உருண்டையாகி அடைத்துக்கொள்ளும்.

வார்டு மிஸ்ஸி:
வயிற்றில் ஜே டியூப் (சிறுகுடலுக்கு நேராகப் பால் செலுத்தும் குழாய்) வைத்து அனுப்பியிருந்தால், அதில் பிளெண்டரில் அடித்த கஞ்சி விடவே கூடாது. டியூப் மெல்லியது, அடைத்துவிடும். மருத்துவமனை சொன்ன பால் மட்டுமே. பால் விடும் முன்னும் பின்னும், மருந்துக்கு முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான கொதித்தாறிய நீரை சிரிஞ்சில் ஏற்றுங்கள். மாத்திரையை இடிக்கும் முன் மருந்தகத்தில் கேளுங்கள், மெதுவாகக் கரையும் வகை இடிக்கக் கூடாதது. மாவு கரைத்த பாலைத் தகரக் கூரை வெக்கையில் 4 மணி நேரத்துக்கு மேல் தொங்கவிட வேண்டாம். ராத்திரி முழுக்க ஓடும் பால் என்றாலும் இதே 4 மணி நேரக் கணக்குதான்; விடிகாலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) கிளம்புகிறவர் போகும் முன் பையை மாற்றி, டியூபைக் கழுவிவிட்டுப் போகட்டும்.

மருமகள், தோட்டத்து வீடு:
ரெண்டு மாசம் நன்றாகச் சாப்பிட்டவருக்கு இப்போது இட்லிகூட இறங்கவில்லை என்றால்?

உணவாலோசகர்:
இணைத்த இடம் தழும்பாகிச் சுருங்கியிருக்கலாம். முதலில் கெட்டி உணவு நிற்கும், பிறகு கஞ்சியும் நிற்கும். எண்டோஸ்கோப்பி வழியாக விரித்துவிடுவார்கள், சிலருக்குப் பலமுறை தேவைப்படும். கஞ்சியை இன்னும் தண்ணியாக்கிச் சமாளித்துக்கொண்டே போனால் எடைதான் இறங்கும். அடுத்த தவணைத் தேதி வரை காத்திருக்காமல் போன் செய்து முன்கூட்டியே காட்டுங்கள்.

வார்டு மிஸ்ஸி:
டியூப் கழன்று விழுந்தால் துணியால் மூடிவிட்டு, கழன்றதையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். நீங்களே திரும்பச் சொருகிப் பார்க்காதீர்கள். சில மணி நேரத்திலேயே துளை மூடத் தொடங்கிவிடும்.