மறு: தண்டர்பேர்ட் 'புரொஃபைல்': சுயவிவரமா, பேழையா?

அனைவருக்கும் வணக்கம். தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் தமிழாக்கத்தில், 'புரொஃபைல்' (profile) என்பதற்குச் 'சுயவிவரம்' வேண்டாம், 'பேழை' என்று வைக்கலாம் என முன்மொழிந்திருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> 'சுயவிவரம்' ஃபேஸ்புக் முதல் எல்லா இடத்திலும் பழகிவிட்ட சொல். இங்கே மட்டும் ஏன் மாற்ற வேண்டும்?

ஃபேஸ்புக்கில் அது பொருத்தமான சொல்தான். பெயர், படம், ஊர், வேலை என்று ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லும் விவரம் அது. தண்டர்பேர்டில் அந்தப் பெயரில் இருப்பதோ ஒரு முழுக் கோப்புறை. வந்த கடிதங்கள், அனுப்பியவை, முகவரி ஏடு, வடிகட்டிகள், கடவுச்சொற்கள், கணக்கு அமைப்புகள் எல்லாம் அதற்குள்தான்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தபின், பழைய கணினியைத் தூக்கிப்போட மனமில்லாமல் லினக்ஸ் இயங்குதளத்துக்கு வருகிறவர்கள் "என் தண்டர்பேர்டை அப்படியே கொண்டுபோக முடியுமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக முடியும். மென்பொருளை லினக்ஸில் புதிதாக நிறுவிக்கொள்ளலாம். கூடவே போகவேண்டியது இந்தக் கோப்புறை மட்டும். ஆனால் "சுயவிவரத்தை நகலெடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், பெயரையும் கையொப்பத்தையும் குறித்துவைத்துக்கொண்டு வட்டை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐமேப் (IMAP) கணக்கு என்றால் கடிதங்கள் வழங்கியில் (சர்வரில்) இருக்கும், பிழைத்தார்கள். பாப் (POP) முறையில் கடிதங்களைத் தம் கணினிக்கு இறக்கி, வழங்கியில் நீக்கிவிடும்படி வைத்திருந்தவருக்கு அத்தோடு எல்லாம் போச்சு. ஒரு சொல்லால் இப்படி நடக்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

அந்தக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். 'இன்பாக்ஸ்' என்ற பெயரில் பின்னொட்டு இல்லாத ஒரு கோப்பு இருக்கும். கடிதங்கள் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக, வெறும் உரையாக அதில் கிடக்கும். பக்கத்திலேயே அதே பெயரில் எம்எஸ்எஃப் என்று முடியும் கோப்பு வெறும் அட்டவணை. அழிந்தாலும் தண்டர்பேர்ட் மறுபடி உருவாக்கிக்கொள்ளும். கடவுச்சொற்கள் இரண்டு கோப்புகளில் இருக்கின்றன: ஒன்றில் பூட்டிய கடவுச்சொற்கள், இன்னொன்றில் சாவி. ஒன்றை விட்டுவிட்டால் மற்றது பயன்படாது. எதை எடுப்பது, எதை விடுவது என்று பயனர் யோசிக்கவே கூடாது, முழுசாகத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அதனால்தான் 'பயனர் பேழை' என்று முன்மொழிந்தேன். இடைமுகத்தில் சுருக்கமாகப் 'பேழை' போதும்.

> பேழை என்றதும் சந்தனப் பேழைதான் நினைவுக்கு வருகிறது.

வரும்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ் விவிலியத்தில் நோவா கட்டியதும் பேழைதானே? வெள்ளத்தில் உயிர்களை ஏற்றிக் கரைசேர்த்தது அது.

> பெட்டகம்?

இதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். பெட்டகம் என்றால் பூட்டு உண்டு என்று பொருள்படும். இந்தக் கோப்புறைக்கு இயல்பாகப் பூட்டு கிடையாது. முதன்மைக் கடவுச்சொல் வைத்தாலும் அது கடவுச்சொற்களைத்தான் காக்கும். கோப்புறையை நகலெடுத்தவர் யாரானாலும் கடிதங்களைப் படித்துவிடலாம். 'பெட்டி'யோ ஏற்கெனவே அஞ்சல்பெட்டி, உள்பெட்டி என்று பலவற்றுக்குப் போய்விட்டது.

வேறு மென்பொருளுக்கும் இந்தச் சொல் பொருந்துகிறதா என்று யூடோரா என்ற பழைய மின்னஞ்சல் மென்பொருளை வைத்துப் பார்த்தேன். 1988-இல் ஸ்டீவ் டோர்னர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எழுதியது. பின்னர் அதை வெளியிட்டுவந்த குவால்காம் நிறுவனம் 2006-இல் மேம்பாட்டை நிறுத்தியது. ஆப்பிள் 2011-இல் மேக் இயங்குதளத்தின் லயன் பதிப்பில், பழைய மென்பொருள்களை இயக்க உதவிய ரொசெட்டாவை நீக்கியபோது, மேக்கில் அது திறப்பதே நின்றது. ஆனாலும் கடிதக் கோப்புகளை வைத்திருந்தவர்களால் வேறு மென்பொருளுக்கு மாற்ற முடிந்தது, ஏனென்றால் அவையும் உரைக்கோப்புகள்தாம். அங்கேயும் 'பேழையைக் காப்பாற்றுங்கள்' என்றால் பொருள் விளங்குகிறது.

இடைமுகத்தில் பொருத்திப் பார்த்தவை: 'புதிய பேழை உருவாக்கு', 'பேழை மேலாளர்', 'இந்தப் பேழை புதிய பதிப்பில் பயன்படுத்தப்பட்டது; பழைய பதிப்பில் திறக்க இயலாது'. கடைசி எச்சரிக்கை லினக்ஸுக்கு மாறுகிறவர்களுக்கு அவசியம் தேவைப்படும், உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகங்களில் சில நேரம் பழைய பதிப்பே கிடைப்பதால். உபுண்டு 24.04-இல் தண்டர்பேர்ட் ஸ்னாப் என்ற தனிவகைப் பொதியாக வருவதால் பேழையின் இடமும் மாறியிருக்கிறது. உதவிக் குறிப்பில் இதையும் சேர்க்கவேண்டும்.

ஃபயர்பாக்ஸ் உலாவியிலும் இதே அமைப்பு, இதே சொல். ஒன்றில் மட்டும் மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும். அங்கே மொழிபெயர்ப்பவர்கள் இந்தக் குழுவில் இருந்தால், வேறு எங்கெல்லாம் 'சுயவிவரம்' இந்தப் பொருளில் வருகிறது என்று பட்டியல் அனுப்ப முடியுமா? அது வந்தபின் முடிவெடுக்கலாம்.

அன்புடன்