திருவையாறு தாண்டினால் பஞ்சர்: வழி சொல்லுங்கள்

குழுவினருக்கு வணக்கம். ஞாயிறு விடியலில் நானும் என் மைத்துனரும் தஞ்சாவூரிலிருந்து சைக்கிளில் கிளம்புகிறோம். திருவையாறு 13 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள். ஊரை அடைந்ததும் வாழையிலைத் துண்டில் சுடச்சுட அசோகா அல்வா. மிதித்து எரித்த கலோரியெல்லாம் அங்கேயே திரும்பிவிடுகிறது என்று வீட்டில் கேலி செய்கிறார்கள், உண்மைதான்.

சிக்கல் அதற்கு மேல்தான். திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணை வரை போக ஆசை. மூன்று முறை கிளம்பினோம், மூன்று முறையும் கருவேல முள் வழிமறித்தது. போன வாரம் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக் காற்றடித்தேன். பத்தே நிமிடத்தில் மறுபடி இறங்கிவிட்டது. டயரின் உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தபோதுதான் ஒடிந்த முள்முனை குத்தியது. வழியில் இருந்த கடைக்காரர் என் டியூபின் பிரெஸ்டா வால்வை (காற்றடிக்கும் ஒல்லியான வகை வாய்) பார்த்துவிட்டு, "நம் பம்பு இதற்குச் சேராது தம்பி" என்று கையை விரித்தார். போதாக்குறைக்கு, மேற்கே மிதித்தால் ஆடிக் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறது.

28 மில்லிமீட்டர் அகல டயரை 32 ஆக்கினால் முள் தொல்லை குறையுமா? அந்த வால்வுக்கு அடாப்டர் தஞ்சையில் எங்கே கிடைக்கும்? நிழலும் டீக்கடையும் உள்ள பாதை எது? சனிக்கிழமைக்குள் சொன்னால் நான்காவது முறை கிளம்பிவிடுவோம்.