ஸ்க்ரம் மாஸ்டரும் ப்ராஜெக்ட் மேனேஜரும் ஒரே ஆள்: எப்படிப் பிரிப்பது?

வணக்கம். வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையில் இயங்குகிறோம்: 9 பேர் டீம், 2 வார ஸ்பிரிண்ட் (ஒரு சுற்று). ஆனால் ஒப்பந்தம் ஃபிக்ஸட் பிரைஸ் (மொத்த விலை முன்பே முடிவானது). மைல்ஸ்டோன் முடிந்தால்தான் பில் போட முடியும். அதனால் ப்ராஜெக்ட் மேனேஜரையே ஸ்க்ரம் மாஸ்டராகவும் (டீம் ஸ்க்ரம் முறைப்படி நடக்க உதவுபவர்) போட்டிருக்கிறார்கள்.

சிக்கல் தினமும் காலையில் தெரிகிறது. 15 நிமிடத்தில் முடிய வேண்டிய டெய்லி ஸ்க்ரம் (டீமின் தினசரிச் சந்திப்பு) 40 நிமிடம் இழுக்கிறது. ஒவ்வொருவரும் மேனேஜர் முகத்தைப் பார்த்து "80 சதவீதம் முடிந்தது சார்" என்று ஒப்பிக்கிறார்கள். அப்ரைசல் போடுபவரே எதிரில் நிற்கும்போது "இதில் மாட்டிக்கொண்டேன், யாராவது வாங்க" என்று யார் வாய் திறப்பார்கள்? ஒவ்வொரு ஸ்டோரிக்கும் (சிறு வேலைத்துண்டு) அதன் அளவை மதிப்பிட்டு பாயிண்ட் போடுகிறோம். ஒரு ஸ்பிரிண்டில் முடிக்கும் பாயிண்ட் எண்ணிக்கையான வெலாசிட்டியை டார்கெட்டாக வைத்ததும் 3 பாயிண்ட் ஸ்டோரியெல்லாம் 5 ஆகிவிட்டது; வேலை அதே அளவுதான்.

2020 ஸ்க்ரம் கையேட்டில் ப்ராஜெக்ட் மேனேஜர் என்ற பொறுப்பே கிடையாது. எதை முதலில் செய்வது என்ற முன்னுரிமை ப்ராடக்ட் ஓனரிடமும் (ப்ராடக்டின் மதிப்புக்குப் பொறுப்பானவர்), வேலையைத் திட்டமிடுவது டெவலப்பர்களிடமும், தடைகள் நீங்க வழிசெய்வது ஸ்க்ரம் மாஸ்டரிடமும் போய்விடுகிறது. ஒப்பந்தம், வெண்டர், ரிஸ்க் ரெஜிஸ்டர் (வரக்கூடிய சிக்கல்களின் பட்டியல்), சேஞ்ச் ரிக்வெஸ்ட் (ஒப்புக்கொண்டதை மாற்றும் கோரிக்கை) இவைதான் அந்தரத்தில் நிற்கின்றன.

பிரித்து நடத்துபவர்கள் சொல்லுங்கள்: ரிஸ்க் ரெஜிஸ்டரை யார் அப்டேட் செய்கிறார்கள்? மைல்ஸ்டோன் தேதி இடித்தால் ஸ்கோப்பைக் குறைக்கும் பேச்சை கிளையன்டிடம் யார் எடுக்கிறார்கள்? ஒரே ஆள்தான் கிடைப்பார் என்றால், அவர் டெய்லி ஸ்க்ரமுக்கு வராமல் இருந்தாலே போதுமா? ரெட்ரோவை (ஸ்பிரிண்ட் முடிவில் எதை மேம்படுத்தலாம் என்று பேசும் கூட்டம்) மட்டும் வேறு டீமின் ஸ்க்ரம் மாஸ்டரை வைத்து நடத்தியவர்கள் உண்டா? உங்கள் ஸ்பிரிண்ட் நீளம், ஒப்பந்த வகை இரண்டையும் சேர்த்து எழுதினால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.