ஒரே மாத்திரை, பழைய டாக்டர் எழுதினால் போடுகிறார், புது டாக்டர் எழுதினால் போடுவதில்லை. ஏன்?

கண்டனூர்ப் பேரன்:

எங்கள் அப்பத்தாவுக்கு 74 வயது. பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. காரைக்குடியில் ஒரு பெரிய டாக்டரிடம்தான் வெகுகாலமாகக் காட்டி வந்தார்கள், அவர் சொன்னால் சொன்னதுதான். "உப்பைக் குறைங்க ஆச்சி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார், வீட்டுக்கு வந்ததும் மோர் மிளகாய் ஜாடியையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் வேலை பார்க்கிற அம்மாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் இருபது வருடமாகச் சொல்லி நடக்காதது அது.

அந்த டாக்டர் இப்போது வயதாகி மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். புதிதாகப் பார்ப்பவர் எம்.டி. படித்தவர், நன்றாகத்தான் பார்க்கிறார், மருந்தும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அப்பத்தா இரண்டு நாள் போடுகிறார், மூன்றாம் நாள் "மறந்துட்டேன்" என்கிறார். மறதியெல்லாம் கிடையாது, எந்தக் கல்யாணத்துக்கு யார் என்ன செய்தார்கள் என்று வருடத்தோடு சொல்லுகிற ஆள். தோண்டித் துருவினால், "அந்தத் தம்பி என் முகத்தையே பாக்கலையேப்பா, கம்ப்யூட்டரைல்ல பாத்துக்கிட்டிருந்துச்சு" என்று வருகிறது.

ஐயா (எங்கள் தாத்தா) இதற்கு நேர்மாறு. எந்த டாக்டர் சொன்னாலும் கேட்க மாட்டார். கூடச் சீட்டு விளையாடுகிறவர் பக்கவாதம் வந்து விழுந்ததும் ஒரு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டார், அப்புறம் பழைய கதை.

டாக்டர் சொன்னதை ஒருவர் கேட்பதும் கேட்காததும் எதனால்? பயமா, மரியாதையா, நம்பிக்கையா? நான் சென்னையில் இருக்கிறேன், போனில் எவ்வளவு கத்தினாலும் நடக்கவில்லை. மனசு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்துக்கடை அண்ணன்:

தம்பி, டாக்டர் அறையில் தலையாட்டுகிறவர்கள் எல்லாரும் மருந்து சாப்பிடுகிறவர்கள் இல்லை. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் தெரியும். ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் எழுதியிருப்பார், "ரெண்டு நாளைக்கு மட்டும் வெட்டிக் குடுங்க, கேக்கலைன்னா வாங்கிக்கிறேன்" என்பார்கள். காய்ச்சல் நின்றுவிட்டால் அவ்வளவுதான், மீதி ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கும், அடுத்த தடவை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போகும். பிரஷர் மாத்திரை இதைவிடக் கஷ்டம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, போட்டாலும் ஒன்றும் தெரியாது, போடாவிட்டாலும் ஒன்றும் தெரியாது. தெரியாத ஒன்றுக்காகத் தினமும் ஒருவர் மாத்திரை போடுகிறார் என்றால் அது பாதி அந்த டாக்டருக்காகத்தான்.

கைராசி என்று ஊர் சொல்லுகிற டாக்டர் என்றால் கதையே வேறு. விடியற்காலையில் டோக்கன் போட்டு, மத்தியானம் வரைக்கும் பெஞ்சில் காத்திருந்து வாங்கிய சீட்டை யாரும் அலட்சியம் பண்ணுவதில்லை. அவ்வளவு பாடுபட்டு வாங்கியதை வீணாக்க மனசு வராது. பக்கத்திலேயே சும்மா கிடைக்கிற யோசனைக்கு மதிப்பு கம்மிதான், அது அதே யோசனையாக இருந்தாலும்.

ஒன்று மட்டும் முதலில் பாருங்கள்: மாத்திரை அட்டை மாறியிருக்கிறதா? புது டாக்டர் வேறு கம்பெனி எழுதியிருப்பார். மருந்து அதேதான், ஆனால் வெள்ளையாக இருந்தது மஞ்சளாக வரும். வயதானவர்கள் மாத்திரையைப் பெயரை வைத்தா தெரிந்துகொள்கிறார்கள், நிறத்தை வைத்துத்தான். அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2014-இல் வந்தது. மாத்திரையின் நிறம் மாறியபோது மருந்தை நிறுத்திவிடும் வாய்ப்பு 34 சதவீதம் கூடியது, வடிவம் மாறியபோது 66 சதவீதம். படித்த நாட்டிலேயே இப்படி.

தேவகோட்டைப் பொண்ணு:

நான் உளவியல் முதுகலை படித்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1950-களில் அமெரிக்காவில் காசநோய் கண்டுபிடிக்க எக்ஸ்ரேயை இலவசமாகவே எடுத்தார்கள், வீட்டுக்குப் பக்கத்திலேயே வண்டி வந்து நிற்கும், அப்படியும் நிறையப் பேர் வரவில்லை. ஏன் என்று அங்கே பொதுச் சுகாதாரத் துறையில் இருந்த உளவியலாளர்கள் யோசித்ததில் பிறந்ததுதான் ஆரோக்கிய நம்பிக்கை மாதிரி (Health Belief Model) என்கிற கொள்கை. அவர்கள் சொன்னது சுருக்கமாக இதுதான்: இந்த நோய் எனக்கு வரும் என்று தோன்ற வேண்டும், வந்தால் மோசம் என்று தோன்ற வேண்டும், சொல்லுகிற வழி பலன் தரும் என்று தோன்ற வேண்டும், அதில் உள்ள சிரமம் பலனைவிடப் பெரிதாகத் தெரியக்கூடாது. உங்கள் ஐயாவுக்குக் கூட்டாளி விழுந்ததும் முதல் இரண்டும் சட்டென்று வந்துவிட்டன. ஆனால் பயம் நாள்பட நிற்காது, பழகிப்போகும். ஒரு மாதம் ஓடியதே பெரிது.

இரண்டாவது, கட்டாயப்படுத்தினால் எதிர்த்து நிற்கிற குணம். ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் இதை 1966-இல் எழுதினார். என் சுதந்திரத்தில் கை வைக்கிறார்கள் என்று தோன்றினால், அதை மீட்கவே மனிதன் சொன்னதற்கு எதிராகச் செய்வான். போனில் கத்துகிறேன் என்கிறீர்களே, ஐயா விஷயத்தில் அதை முதலில் நிறுத்துங்கள். கண்டனூரில் அவர் வீட்டுப் பெரியவர், சென்னையில் இருக்கிற பேரன் அதட்டினால் மாத்திரை போடுவது தோற்றுப்போகிற மாதிரி ஆகிவிடுகிறது.

மூன்றாவது, மனசுக்குள் ஓடுகிற கணக்கு. இந்த மருந்து எனக்குத் தேவையா என்பது ஒரு பக்கம், இதனால் என்ன கெடுதல் வருமோ என்பது மறுபக்கம். "இங்கிலீஷ் மருந்து சூடு", "நாள்பட்டால் கிட்னி போயிரும்" என்று நம் பக்கம் பட்டாலையில் உட்கார்ந்து பேசாத வீடு உண்டா? இந்தக் கவலையை வாய்விட்டுக் கேட்க ஒரு டாக்டர் இடம் கொடுத்தால் கவலை குறையும். கேட்கவே விடாவிட்டால் நோயாளி "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வந்து வீட்டில் தன் தீர்ப்பை எழுதிக்கொள்வார். பழைய டாக்டர் "ஆச்சி" என்று கூப்பிட்டதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

இன்னொன்று, இது நம் ஊரில் நன்றாகவே தெரிந்த வித்தை. டாக்டரைப் பார்க்கப் போகிற தேதி நெருங்கினால் எல்லாரும் நல்ல பிள்ளை ஆகிவிடுவார்கள். கல்யாண வீட்டில் கந்தரப்பமும் சீயமும் அடுக்கிவிட்டு, டெஸ்ட்டுக்கு முந்தின நாலு நாள் பத்தியம். டாக்டரிடம் கெட்ட பேர் வாங்கக்கூடாது, அவ்வளவுதான். மூணு மாசச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற டெஸ்ட் வந்த பிறகு இந்த வித்தை பலிப்பதில்லை, என் சித்தப்பாவுக்கு அந்த டெஸ்ட் மீதே கோபம்.

ஓய்வுபெற்ற நர்சம்மா:

எல்லாரும் மனசு மனசு என்கிறீர்கள், பாதிப் பேருக்கு டாக்டர் என்ன சொன்னார் என்பதே நினைவில் இருக்காது. டாக்டர் சொல்லுகிற விவரத்தில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிகள் உடனேயே மறந்துவிடுகிறார்கள் என்று 2003-இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வந்தது, நினைவில் நிற்பதிலும் கிட்டத்தட்டப் பாதி தப்பாகத்தான் நிற்குமாம். நான் வார்டில் என்ன செய்வேன் என்றால், "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும், வீட்ல போய் எப்படிப் போடுவீங்க, ஒரு தடவ சொல்லுங்க" என்று கேட்பேன். பரீட்சை வைக்கிற மாதிரி கேட்டால் வாயடைத்துப் போவார்கள், தப்பு என் பக்கம் இருக்கலாம் என்கிற மாதிரி கேட்டால் சொல்லுவார்கள். அப்போதுதான் தெரியும், காலை மாத்திரையை ராத்திரியும் ராத்திரி மாத்திரையைக் காலையும் போட்டுக்கொண்டிருப்பது.

டாக்டர் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதை நல்ல குணம் என்று நான் சொல்ல மாட்டேன். 1966-இல் அமெரிக்க ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை நடந்தது, எங்கள் தொழிலில் கேள்விப்பட்டிருப்பார்கள். முன்பின் தெரியாத குரல் போனில் "நான் டாக்டர் பேசுறேன்" என்று சொல்லி ஒரு மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னது, டப்பாவிலேயே அதிகபட்சம் 10 மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. 22 நர்சுகளில் 21 பேர் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள், வழியில் நிறுத்தித்தான் விவரம் சொன்னார்கள். படித்தவர்களுக்கே டாக்டர் என்றால் இப்படி, நோயாளியைச் சொல்ல என்ன இருக்கிறது. கேள்வி கேட்கிற நோயாளிதான் கடைசிவரை மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவார், என் அனுபவம் அது.

தம்பி, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அவ்வளவு பெரிய வளவு வீட்டில் அப்பத்தாவும் ஐயாவும் மட்டும்தானே? இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு அப்படித்தான், பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர் என்று இருப்பார்கள். "மாத்திரை போட்டீங்களா, கால் வீக்கம் எப்படி இருக்கு" என்று முகத்தைப் பார்த்துக் கேட்கிற ஒரே ஆள் டாக்டராக இருந்தால், அடுத்த தடவை அவரிடம் "போட்டேன்" என்று சொல்வதற்காகவே போடுவார்கள்.

சும்மா கேட்கிறவன்:

உளவியல் எல்லாம் சரி. புதுவயலில் இருந்து ஒரு கூலிக்காரர் மாத்திரை வாங்க ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வரணும். அவர் வராவிட்டால் நம்பிக்கை இல்லை என்று எழுதுவீர்களா? 2021 ஆகஸ்ட்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்களே, எங்கள் தெருவில் அதற்கு முன்னால் மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள் இப்போது போடுகிறார்கள். அவர்கள் மனசு ஒன்றும் மாறவில்லை.

தேவகோட்டைப் பொண்ணு:

சும்மா கேட்கிறவருக்கு: மறுக்கவில்லை. அந்த ஆரோக்கிய நம்பிக்கைக் கொள்கையில் நான் சொன்ன நாலாவதே சிரமம்தான், பஸ்ஸும் கூலியும் அதில் வரும். ஆனால் மாதாமாதம் வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு பிரஷர் பார்க்கிற அந்த அக்காவுக்காகவும் சிலர் போடுகிறார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண்டனூர்ப் பேரன்:

எல்லாருக்கும் நன்றி. அண்ணே, அட்டை மாறவில்லை, அதே கம்பெனிதான், பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டேன். நேற்று கத்தாமல் பொறுமையாகப் பேசினேன். விஷயம் வேறு. புது டாக்டர் சர்க்கரை மாத்திரையைக் காலையில் போடச் சொல்லியிருக்கிறார். அப்பத்தா செவ்வாய், வெள்ளி கோயிலுக்குப் போய்விட்டு வந்து மத்தியானம்தான் வாயில் ஏதாவது வைப்பார்கள். பழைய டாக்டருக்கு அது தெரியும், அதற்குத் தக்கபடி நேரம் வைத்திருந்தார். இவரிடம் விரதம் என்றால் சிரிப்பாரோ என்று சொல்லவே இல்லையாம். மற்ற நாளும் விட்டுப்போவது இதில் ஆரம்பித்ததுதான். அப்படியானால் மாத்திரையை மத்தியானத்துக்கு நாங்களே மாற்றிக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற நர்சம்மா:

நீங்களாக மாற்றாதீர்கள். அட்டையில் கிளிமிபிரைடு என்று இருக்கிறதா என்று போட்டோவில் பாருங்கள், அந்த மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அந்த மாத்திரையாக இருந்தால், விரத நாளில் உங்கள் அப்பத்தா போடாமல் இருந்ததே ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. அடுத்த தடவை கூட ஒரு ஆள் போகட்டும், எந்தெந்தக் கிழமை விரதம் என்று ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள், நேரத்தை அவரே மாற்றித் தருவார். அதுவரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.