முத்துமாலையா, மலாக்கா பயமா?

மெயின்ஸ் மாணவன்:
பாகிஸ்தானின் குவாதர், இலங்கையின் அம்பாந்தோட்டை, மியான்மரின் கியாக்பியூ என்று சீனா வரிசையாகத் துறைமுகம் பிடிப்பது இந்தியாவை வளைக்கத்தான் என்கிறது எங்கள் கோச்சிங் குறிப்பு. பெயர் 'முத்துமாலை'யாம். விடைத்தாளில் அப்படியே எழுதிவிடலாமா?

பழைய டேங்கர்காரன்:
வேண்டாம் தம்பி. அது பெய்ஜிங் வைத்த பெயர் இல்லை. 2005-ல் ஓர் அமெரிக்க ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையில் வந்தது.

நான் செகண்ட் எஞ்சினியராக இருந்தவன். வளைகுடாவில் கச்சா எண்ணெய் ஏற்றி சீனாவின் நிங்போவில் இறக்குவோம். சிங்கப்பூரை ஒட்டி பிலிப் கால்வாயில் வழி மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. பெரிய டேங்கருக்கு அடியில் மூன்றரை மீட்டர் தண்ணீராவது இருக்க வேண்டும் என்று விதி. அதைத் தாண்டும்வரை எஞ்சின் ரூமை விட்டு நகர மாட்டேன், டீகூட அங்கேதான். சீனாவுக்குப் போகும் எண்ணெயில் பெரும்பகுதி இந்த மலாக்கா நீரிணை என்ற சந்துக்குள்தான் நுழைய வேண்டும். யாராவது மறித்தால்? முன்னாள் சீன அதிபர் ஹூ ஜின்டாவ் காலத்திலிருந்தே அவர்களுக்கு இருக்கும் பயம் இது.

மாற்றுவழியாக மியான்மரின் கியாக்பியூவிலிருந்து சீனாவின் யுன்னானுக்குக் குழாய் போட்டார்கள். 2017-ல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. அதன் கொள்ளளவு வருஷத்துக்கு 2.2 கோடி டன். 2023-ல் சீனா இறக்குமதி செய்தது 56 கோடி டன்னுக்கு மேல். நூற்றுக்கு நாலு, அவ்வளவுதான்! அதனால்தான் கடல்வழிக்குக் காவல் தேடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

கொழும்பு வாசகன்:
அண்ணே, 2014-ல் எங்கள் துறைமுகத்துக்குச் சீன நீர்மூழ்கி இரண்டு தடவை வந்து போனது. எண்ணெய்க்குக் காவல் என்றால் நீர்மூழ்கி எதற்கு?

பழைய டேங்கர்காரன்:
சரி, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கடற்கொள்ளையரைப் பிடிக்க நீர்மூழ்கி தேவையில்லைதான். ஆனால் 2008 டிசம்பரில் அவர்கள் ஏடன் வளைகுடாவுக்குக் கிளம்பியது கொள்ளையருக்காகத்தான். கைப்பிடிக் கம்பி முழுக்க முள்கம்பி சுற்றிக்கொண்டு, சீனப் போர்க்கப்பலின் பின்னால் நாங்களே போயிருக்கிறோம். அன்றைக்கு அவர்களைக் கும்பிடத் தோன்றியது. 2017-ல் பார்த்தால் அதே வளைகுடாவை ஒட்டிய ஆப்பிரிக்க நாடான ஜிபூத்தியில் ராணுவத் தளமே திறந்துவிட்டார்கள். காவலுக்கு வந்தவன் திண்ணையில் படுத்து, அப்புறம் வீட்டையே கட்டிக்கொண்ட மாதிரி. முதல் நாளே வரைபடம் போட்டு வந்தான் என்பதைத்தான் நான் நம்பவில்லை.

மெயின்ஸ் மாணவன்:
அப்போ அம்பாந்தோட்டை? கடனுக்காகப் பிடுங்கியது என்று எழுதலாம்தானே?

கொழும்பு வாசகன்:
தம்பி, அங்கே துறைமுகம் வேண்டும் என்று ஆசைப்பட்டது எங்கள் அரசியல்வாதிகள். 2017-ல் 99 வருஷக் குத்தகைக்கு விட்டு வந்த சுமார் 112 கோடி டாலர் அந்தத் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை. அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. கடன் இன்னும் எங்கள் தலையில்தான்.