சூடேறி நின்றுபோகும் வண்டி: ஆலங்குளம் சாலையில் கேட்ட சத்தம்

பொருநைக்கரையான்:
சென்ற மே மாதம் அப்பாவைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, பாளையங்கோட்டையிலிருந்து தென்காசிக்குக் கண் மருத்துவரைப் பார்க்கப் புறப்பட்டேன். சீதபற்பநல்லூர் தாண்டியதும் வண்டி இழுவை குறைந்து, திணறி, நின்றுவிட்டது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஓடும். பிறகு மறுபடி நிற்கும். மூன்று முறை ஒர்க் ஷாப்பில் விட்டு, பிளக்கும் ஆயிலும் மாற்றி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழுவியும் தீராத கோளாறு அது. ஆலங்குளத்துக்கு அப்பால் இரண்டாவது முறை நின்றபோது, அப்பா மாத்திரை போடுவதற்காக வைத்திருந்த பாட்டில் தண்ணீரைப் பதற்றத்தில் எஞ்சின் மேல் ஊற்றிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குபீரென்று எழுந்த ஆவியைக் கண்டு, எதிரே பஞ்சர் கடை வைத்திருந்த பெரியவர் சாலையைக் கடந்து வந்தார். எதையும் கழற்றாமல் பெட்ரோல் டேங்க் மூடியை மட்டும் திறந்தார். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்த அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மூடியிலுள்ள காற்றுத் துளையைத் தூசி அடைத்திருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்கினுள் காற்றழுத்தம் குறைந்து, கார்புரேட்டருக்குப் போதிய பெட்ரோல் வராமல், கலவையில் காற்று மிகுந்து எஞ்சினும் அளவுக்கு மீறிச் சுட்டிருக்கிறது. அந்த அரை மணி நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனதைத்தான் சூடு ஆறியதாக நானும் மெக்கானிக்கும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

வள்ளியூர் வாசி:
எனக்கு நாங்குநேரி நான்குவழிச் சாலையில் இதே போல நடந்தது, ஆனால் காரணம் வேறு. உதிரியாக வைத்திருந்த பிளக்கை, பிளக் ஒயரின் முனையிலுள்ள கேப்பில் செருகி, எஞ்சின் உலோகத்தில் தொடவைத்து, வெயிலில் பொறி தெரியாது என்பதால் மாமாவின் துண்டால் நிழல் கட்டிக்கொண்டு கிக்கரை உதைத்தோம். பொறியே இல்லை. அரை மணி நேரம் கழித்து அதே துண்டின் நிழலில் நீலப் பொறி பளிச்சென்று விழுந்தது. பொறி எப்போது விழ வேண்டும் என்று சமிக்ஞை தரும் பல்சர் காயில் சூட்டில் மட்டும் அறுந்துபோனதுதான் காரணம். ஒர்க் ஷாப்பில் ஆறிய வண்டியைச் சோதித்தவருக்கு அது எப்படித் தெரியும்?

அம்பை விவசாயி:
என் வண்டியில் உண்மையிலேயே சூடுதான் குற்றவாளி. நடவுக் காலத்தில் வயலுக்குப் போய்வந்து, சூட்டை வெளியேற்றும் சிலிண்டர் தகடுகளுக்கு இடையே சேறு அப்பிச் செங்கல் போல இறுகியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

தம்பி பொருநைக்கரையான் சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. மூடிதான் காரணம் என்றால், திறந்து சிறிது நேரத்திலேயே, சூட்டோடு சூடாக வண்டி கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பியதா என்று அவர் எழுதவே இல்லை. தண்ணீர் ஊற்றியதும் தவறு. கொதிக்கும் உலோகம் திடீரெனக் குளிர்ந்தால் சிலிண்டரின் மேல்பகுதியான ஹெட் கோணலாகும், விரிசல் விடவும் கூடும். எல்லோரும் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். பெரும்பாலான 100, 125 சிசி வண்டிகள் கொள்வதே ஏறத்தாழ 1 லிட்டர்தான், அதில் கால் பங்கு குறைந்தாலும் வெயில் காலத்தில் எஞ்சின் தாங்காது. பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும் எஞ்சின் சூடாகும். வால்வை இயக்கும் டேப்பட்டின் சத்தம் பிடிக்கவில்லை என்று அதை இறுக்கச் சொல்லாதீர்கள். சூட்டில் வால்வு நீளும்போது இடைவெளி போதாமல், முழுவதும் மூடாமல், சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் கம்ப்ரெஷன் போய் வண்டி நிற்கும். ஆறினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

பொருநைக்கரையான்:
கிளம்பியது அண்ணாச்சி, மூன்றாவது உதையில். மூடியை மாற்றிய பிறகு ஆறு முறை தென்காசி போய்வந்துவிட்டேன், ஒரு முறைகூட நிற்கவில்லை. தண்ணீரைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அப்பா அன்று பாவூர்சத்திரம் போய்த்தான் மாத்திரை போட்டார்.