காயடிக்கப் போன இடத்தில் தெரிந்த குறை

கொடைக்கானலிலிருந்து:

ஏரிக்கரையில் சவாரிக்கு மட்டக்குதிரை விடுவது எங்கள் குடும்பத் தொழில். சில ஆண்டுகளுக்கு முன், உடல் மயிர்ச் சுழியில் குற்றமே சொல்ல முடியாது என்று பெரியவர்கள் ஒப்புக்கொண்ட ஒரு பொலிகுதிரையோடு (இனவிருத்திக்கு விடும் ஆண் குதிரை) எங்கள் பெட்டையைச் சேர்த்தோம். பிறந்த ஆண் குட்டிக்கு மூன்று வயதானபோது காயடிக்க ஆள் வந்தார். தடவிப் பார்த்துவிட்டு, "ஒன்றுதான் இறங்கியிருக்கிறது" என்று கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டார். மற்ற விதை வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது என்றும், உடற்சூட்டில் அது சினைப்படுத்தும் திறனை இழந்தாலும் ஆண்சுரப்பு நிற்காது என்பதால் அறுவை செய்துதான் எடுக்க வேண்டும் என்றும் கால்நடை மருத்துவர் விளக்கினார். சந்தேகப்பட்டுத் தந்தைக் குதிரையைப் போய்ப் பார்த்தோம். அதற்கும் ஒன்றுதான்.

சவாரிக்கு வந்த ஜெர்மானியப் பெண்மணி ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஊரில் குதிரை வளர்ப்பவர். ஹனோவர் என்ற குதிரை இனத்துக்கு ஜெர்மனியின் வெர்டன் நகரில் நடக்கும் தேர்வில், ஏறத்தாழ இரண்டரை வயதுக் குதிரைகளின் மூட்டு எலும்புகளை எக்ஸ்ரே எடுத்து, இரு விதைகளும் இறங்கியுள்ளனவா என்று பார்த்து, கெட்டித் தரையில் நடத்தி, ஆள் ஏறாமல் தாண்டவும் விட்ட பிறகே நடுவர்கள் பொலிக்கு விட உரிமம் வழங்குவார்களாம். அதன் பின்னும் ஆளை ஏற்றிச் செய்யும் திறன் தேர்வு உண்டு. நெதர்லாந்தின் கறுப்புப் பிரீசியன் இனத்தில் குட்டிகளையும் ஆராய்வார்கள். அவை சோடையானால் தந்தையின் அங்கீகாரம் போய்விடும். நாங்கள் சேர்த்த பொலிகுதிரை வெர்டனில் வாசலிலேயே திரும்பியிருக்கும்.

உதகையிலிருந்து:

பந்தயக் குதிரை லாயத்தில் சில பருவங்கள் வேலை பார்த்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். நண்பர் விவரித்த கட்டாயத் தேர்வு பந்தயக் குதிரை இனமான தரோபிரெட்டில் இல்லை. நம் நாட்டில் இதன் வம்சப் பதிவேடு புனேயில் உள்ளது. பெற்றோர் யார் என்பதை மரபணுச் சோதனையால் உறுதிசெய்வார்கள், செயற்கைக் கருவூட்டலை ஏற்கமாட்டார்கள், ஆனால் காலையும் மூச்சையும் பார்த்துப் பொலிக்குத் தகுதி சொல்லும் நடுவர் குழு கிடையாது. பந்தய வெற்றியும் வம்சமுமே சான்றிதழ். இங்கிலாந்தில் 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊர் ஊராகப் பொலிக்குக் கொண்டுபோகும் குதிரைக்கு உரிமம் வேண்டியிருந்தது. குரல்வளை நரம்புக் கோளாறால் இரைந்து மூச்சு விடுவதும் அதை மறுக்கப் போதுமான குறைகளுள் ஒன்று. இன்று அதே கோளாற்றை அறுவையால் சரிக்கட்டி ஓடவிட்டு, வென்றால் பொலிக்கும் விடுகிறார்கள். அறுவை மூச்சைத்தான் திருத்தும், வம்சத்தைத் திருத்தாது. இதை லாயத்தில் உரக்கச் சொன்னால் வேலை போய்விடும்.

மீண்டும் கொடைக்கானலிலிருந்து:

போன ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் ஒரு குதிரையின் அடிவயிற்றுப் பக்கம் கையைக் கொண்டுபோனேன். குதிரை அசையாமல் நின்றது. விற்பவர்தான், "சுழியைப் பாருங்கள், அங்கே என்ன தேடுகிறீர்கள்?" என்று கயிற்றை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.